இலேசும் உறுதியும்: அமெச்சூர்ப் பந்தயக் காரின் சில்லு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் அரசரும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் மனக்கண்முன் தோன்றுதல் வழக்கம். ஆயின் மனிதர் நாள்தோறும் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே அவர்தம் செல்வநிலையும் அறிவுநிலையும் துணிவும் அச்சமும் பதிந்து கிடக்கின்றன. அத்தகைய பொருள்களுள் சில்லும் ஒன்றாகும். சில்லைப் பற்றி எழுதுவது பொறியியற் பீடத்தாரின் வேலையன்றோ, கலைப்பீட மாணவனுக்கு அங்கு என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். எந்தச் சில்லு பலமானது என்பதைப் பொறியியல் கூறும். ஆயின் எந்தச் சில்லை யாரால் வாங்க முடிந்தது, அதனை யார் சில காலம் பயன்படுத்திக் கழித்தார், கழிக்கப்பட்டதை யார் எடுத்து மாட்டிக்கொண்டார் என்பன வரலாறு விடைகூற வேண்டிய வினாக்களாகும்.

மோட்டார்ப் பந்தயம் தோன்றிய நாள்முதல் அதில் இருவகையினர் பங்குபற்றி வந்துள்ளனர். ஒரு வகையினர் கார்க் கம்பனிகளின் ஆதரவோடு போட்டியிடுவோர். அவர்களுக்குச் சில்லு ஒரு செலவுப்பொருள். பழுதானால் மற்றொன்று வரும். மறுவகையினர் தம் சொந்தப் பணத்தில், வார இறுதி நாள்களில், தாமே பழுதுபார்த்த காரிலே போட்டியிடும் அமெச்சூர்ச் சாரதிகள். இவர்களுக்கு ஒரு தொகுதிச் சில்லு பல பருவங்கள் உழைக்க வேண்டும். இவ்விரு வகையினரும் ஒரே வகைச் சில்லையே விரும்பினர். ஆயின் ஒரே வகைச் சில்லு இருவருக்கும் ஒரே பயனைத் தரவில்லை. இலேசான சில்லின் விலை கடையிற் கொடுக்கும் பணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும், அவ்விலையின் எஞ்சிய பகுதியை யார் செலுத்தினர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலேசின் பயன்

சில்லு ஏன் இலேசாயிருத்தல் வேண்டும்? இதனை முதலில் விளங்கிக்கொள்ளல் அவசியம். காரின் உடற்பகுதியிலுள்ள திணிவு முன்னோக்கிச் செல்லுதல் என்னும் ஒரு வேலையையே செய்கின்றது. சில்லின் விளிம்பிலுள்ள திணிவோ காரோடு முன்னோக்கிச் செல்வதோடு அச்சைச் சுற்றிச் சுழலவும் வேண்டியுள்ளது. மெல்லிய வளையமொன்றைப் பொறுத்தமட்டில் இவ்விரு இயக்கங்களுக்கும் வேண்டிய சத்தி சமமாகும். எனவே காரை ஆர்முடுக்கும்போதும் தடுக்கும்போதும் விளிம்பிலுள்ள ஒரு கிலோகிராம், உடலிலுள்ள இரண்டு கிலோகிராமுக்கு ஒப்பாகின்றது. இதனைவிடச் சில்லின் திணிவு விற்களாலே தாங்கப்படாத திணிவாகும். வீதியின் மேடுபள்ளங்களிலே பாரமான சில்லு துள்ளும். துள்ளும் கணத்தில் ரயர் நிலத்தைப் பற்றுவதில்லை. இலேசான சில்லோ நிலத்தைவிட்டு அகலாது தொடர்ந்து செல்லும்.

ஆயினும் இப்பயனை மிகைப்படுத்தலாகாது. ஒவ்வொரு சில்லிலும் விளிம்பிலேயே 2 கிலோகிராம் குறைத்தாரென்று கொள்வோம். நான்கு சில்லிலும் 8 கிலோகிராம் குறையும். ஆர்முடுகலைப் பொறுத்தவரை இது உடலில் 16 கிலோகிராம் குறைத்தமைக்கு ஒப்பாகும். சாரதியோடு 600 கிலோகிராம் நிறையுள்ள சிறு பந்தயக் காரில் இது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவேயாகும். குறைக்கப்படும் திணிவு முழுவதும் விளிம்பிலேயே இருப்பதில்லையாதலால் உண்மைப் பயன் இதனினும் சிறிது. போட்டியிலே இதுவும் பொருட்படுத்தத்தக்கதே என்பதில் ஐயமில்லை. ஆயின் இச்சிறு பயனுக்காக எதனை ஈடுகொடுக்கிறோம் என்பதே கேள்வி.

மரச் சில்லும் 1906ஆம் ஆண்டின் பாடமும்

தொடக்ககாலப் பந்தயக் கார்கள் பீரங்கி வண்டிகளின் சில்லை ஒத்த மரச் சில்லுகளிலேயே ஓடின. தடித்த மர ஆரக்கால்கள் நடுக்குடத்தில் ஒன்றோடொன்று ஆப்புப்போல் இறுகப் பொருந்தியிருந்தன. 1895ஆம் ஆண்டு பரிசிலிருந்து போர்தோவுக்குச் சென்று மீண்ட போட்டியிலே மிச்செலின் சகோதரர் காற்றடைத்த ரயர் பூட்டிய காரொன்றைச் செலுத்தினர். வழியெங்கும் ரயர்கள் பழுதாகியபோதும், காற்றடைத்த ரயரே வருங்காலத்துக்குரியது என்பதை அம்முயற்சி உணர்த்திற்று. அன்றுதொட்டு, பந்தயத்தின் வெற்றி தோல்வியை இயந்திரம் மட்டுமன்றி ரயரும் சில்லும் தீர்மானிக்கலாயின.

இதனை 1906ஆம் ஆண்டு யூன் மாதம் பிரான்சிலே லு மான் நகருக்கண்மையில் இரு நாள்களாக நடைபெற்ற கிராண்ட் பிறீ போட்டி தெளிவாகக் காட்டுகின்றது. அப்போட்டியின் மொத்தத் தூரம் ஏறத்தாழ 1,238 கிலோமீற்றர். காரின் நிறை 1,000 கிலோகிராமுக்கு மேற்படலாகாதென்பது விதி. பழுதுகளைச் சாரதியும் அவரோடு செல்லும் உதவியாளருமே திருத்தவேண்டும். கூரிய கற்கள் நிறைந்த அவ்வீதியிலே ரயர்கள் அடிக்கடி கிழிந்தன. சில்லோடு ஒட்டிக்கிடந்த ரயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதிய ரயரை வலிந்து பொருத்துதல் நெடுநேரம் பிடிக்கும் வேலையாயிற்று. மிச்செலின் கம்பனியார் இதற்கொரு வழி கண்டனர். ரயரும் காற்றும் முன்னரே பொருந்திய விளிம்பொன்றைச் சில நட்டுகளைக் கழற்றி முழுமையாக மாற்றத்தக்கதாக அமைத்தனர். இவ்வமைப்பினாற் சில்லொன்றின் நிறை ஏறத்தாழ 9 கிலோகிராம் கூடிற்று. ஏற்கெனவே நிறையெல்லையை எட்டியிருந்த கார்கள் இதனைப் பூட்ட முடியாது தவித்தன. பூட்டிய றெனோல்ற் காரைச் செலுத்திய ஃபெரென்ஸ் சிஸ் முதலிடம் பெற்றார். அவ்வாறே பூட்டிய ஃபியற் காரைச் செலுத்திய நசாரோ இரண்டாமிடம் பெற்றார்.

பாரங்கூடிய சில்லு வென்றது என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது. தராசுத் தட்டில் இலேசாயிருப்பது வேறு. போட்டியின் முடிவில் விரைவாயிருப்பது வேறு. நின்று திருத்தும் நேரமும் பந்தய நேரமேயாகும்.

கம்பிச் சில்லு

மரச் சில்லிலே பாரம் நிலத்திலுள்ள ஆரக்காலை அழுத்துகின்றது. இதற்கு மாறாகப் பாரத்தை மேலேயுள்ள மெல்லிய கம்பிகளிலே தொங்கவிடலாம் என்னும் கருத்தை ஆங்கிலேய அறிஞர் ஜோர்ஜ் கெயிலி 1808ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். பறக்கும் இயந்திரத்துக்கு இலேசான சில்லு வேண்டுமென்றே அவர் இதனைச் சிந்தித்தார். பின்னர் 1874ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஸ்ராளி என்பார், கம்பிகளைக் குடத்தின் நடுநோக்கியன்றி அதன் ஓரத்தைத் தொட்டுச் செல்லுமாறு சாய்த்து இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் துவிச்சக்கரவண்டிகளிற் காணப்படுவது இம்முறையே. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே ஜோன் பியூ என்பார் றட்ஜ்-விற்வேர்த் கம்பனிக்காக, நடுவிலுள்ள ஒரேயொரு நட்டைக் கழற்றி முழுமையாக நீக்கத்தக்க கம்பிச் சில்லை அமைத்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பந்தயக் காரின் சில்லென்றாற் பெரும்பாலும் இதுவே.

கம்பிச் சில்லு அமெச்சூருக்கு உகந்ததாயிருந்தமைக்குக் காரணமுண்டு. ஒரு கம்பி அறுந்தாற் சில்லு உடனே வீழ்ந்துவிடுவதில்லை. அறுந்ததைக் கண்ணாற் காணலாம். தளர்ந்ததைத் தட்டிப் பார்த்துக் காதால் அறியலாம். குறைந்த செலவில் மாற்றலாம். அதற்கு வேண்டியது பணமன்று, பொறுமையும் உழைப்புமே. இக்குணங்களையே அமெச்சூர் தம்மிடம் நிறைய வைத்திருந்தார்.

வார்ப்புச் சில்லின் வருகை

1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லியோன் நகரில் நடைபெற்ற கிராண்ட் பிறீயில் எற்றோரே புகாற்றி தமது 35ஆம் இலக்க வகைக் காரை அறிமுகப்படுத்தினார். எட்டுத் தட்டையான ஆரக்கால்களையுடைய அதன் சில்லுகள் அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தன. தடுப்புருளையும் சில்லோடு சேர்ந்தே அமைந்தது. சில்லைக் கழற்றியதும் தடுப்பின் உட்பகுதிகளைப் பரிசோதிக்கலாம். விரிந்த ஆரக்கால்கள் தடுப்பின் வெப்பத்தை வெளியேற்றவும் உதவின. முதற் போட்டியிலே ரயர்கள் பழுதாகி அக்கார்களுக்கு வெற்றி கிட்டவில்லையாயினும், பின்னர் அவ்வகைக் கார் பெற்ற வெற்றிகள் பலவாகும்.

ஆயின் அடுத்த ஆண்டு புகாற்றி எளியதொரு வகையை விற்பனைக்கு விட்டபோது நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 35ஏ எனப்பட்ட அக்கார் பெருமளவுக்கு வசதி குறைந்த தனியார் சாரதிகளுக்கென அமைந்தது. தோற்றத்தில் அது மூத்த காரை ஒத்திருந்தது; ஆயின் அதிற் பூட்டப்பட்டவை கம்பிச் சில்லுகளேயாம். புதுமை செல்வர்க்கும் பழைமை ஏனையோர்க்கும் என்னும் பிரிவு சில்லின் வரலாற்றிலே அன்றே தெளிவாகிவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இப்பிரிவு மேலும் ஆழமாயிற்று. விமானத் தொழிலிற் பயின்ற மக்னீசியக் கலப்புலோகம் பந்தயக் காருக்கு வந்தது. உருக்கின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், அலுமினியத்தினது 2.70, மக்னீசியத்தினதோ 1.74 மட்டுமே. ஐக்கிய அமெரிக்காவிலே ரெட் ஹலிபிராண்ட் வார்த்த மக்னீசியச் சில்லுகள் இண்டியானாபொலிஸ் பந்தயக் கார்களை அணிசெய்தன. இங்கிலாந்திலே கொலின் சப்மன் 1957ஆம் ஆண்டுப் பந்தயப் பருவத்துக்கான லோட்டஸ் 12 காருக்கு ஆரக்காலே இல்லாத மக்னீசியச் சில்லைப் பூட்டினார். அலைபோல் வளைந்து நெளிந்த ஒரே தகடு குடத்தையும் விளிம்பையும் இணைத்தது. விசை ஓரிடத்திற் குவியாது தகடெங்கும் பரவும் வண்ணம் அது அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

இச்சப்மன் தாமும் ஓர் அமெச்சூராகவே தொடங்கினார். 1939ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒஸ்ரின் செவன் கார் ஆர்வலர்க்கெனத் தொடங்கப்பெற்ற 750 மோட்டார்க் கழகம், போருக்குப்பின் அக்காரின் உறுப்புகளைக்கொண்டு மலிவான பந்தயக் கார் அமைக்கும் போட்டி வகையொன்றை ஏற்படுத்திற்று. அதிலே சப்மன் 1951ஆம் ஆண்டு தாம் அமைத்த காரோடு போட்டியிட்டுப் புகழ்பெற்றார். மலிவுச் சில்லில் ஓடியவரே சில ஆண்டுகளில் மக்னீசியச் சில்லை வார்ப்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார். ஆயின் அவர் விட்டுச்சென்ற இடத்திலே புதிய அமெச்சூர்கள் வந்து சேர்ந்துகொண்டேயிருந்தனர். அவர்கள் கண்ணும் அந்த மக்னீசியச் சில்லின்மீதே இருந்தது.

உலோகக் களைப்பு

இங்குதான் இலேசின் மறைவிலை வெளிப்படுகின்றது. 1842ஆம் ஆண்டு வேர்சாயிலிருந்து பரிசுக்குத் திரும்பிய புகையிரதமொன்றின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நெடுநாள் பழுதின்றி ஓடிய அச்சு ஏன் முறிந்தது? அக்கேள்வி ஐரோப்பியப் பொறியியலாளரை வருத்திற்று. ஜேர்மனியரான ஓகுஸ்ற் வோலர் 1850களிலிருந்து 1870 வரை நிகழ்த்திய சோதனைகள் இதற்கு விடை கண்டன. ஒருமுறை ஏற்றினால் எவ்விதத் தீங்கும் செய்யாத பாரம், இலட்சக்கணக்கான முறை மாறிமாறி ஏற்றப்படுமாயின் உலோகத்தை முறிக்கும். இதுவே உலோகக் களைப்பு எனப்படுவது. மயிலிறகேயாயினும் அளவுகடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே அமைத்தார். வோலர் கண்ட உண்மை அதனோடு ஒருபுடை ஒத்தது. இங்கே இறகுகள் ஒன்றன்மேலொன்றாக ஏறாது ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகின்றன.

பந்தயக் காரின் சில்லுக்கு இது எவ்வாறு பொருந்தும்? வளைவிலே கார் திரும்பும்போது ரயரின் பக்கவிசை சில்லின் தகட்டை வளைக்கின்றது. ஒவ்வொரு சுற்றிலும் தகட்டின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை ஒருபுறமாகவும் மறுமுறை மறுபுறமாகவும் வளைகின்றது. 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரயர் ஒரு கிலோமீற்றரில் ஏறத்தாழ 530 முறை சுழலும். போட்டிகளிலும் பயிற்சியிலுமாக 1,000 கிலோமீற்றர் ஓடுமாயின் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளாகும்.

உருக்குக்கு ஒரு நற்பண்பு உண்டு. குறித்த ஓர் எல்லைக்குக் குறைவான விசையை அது எத்தனை முறையாயினும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கும் மக்னீசியத்துக்கும் அத்தகைய தெளிவான எல்லை இல்லை. சிறு விசையும் அவற்றின் ஆயுளிற் சிறிது சிறிதாக உண்டுகொண்டேயிருக்கும். மேலும் மக்னீசியம் ஈரத்தினாலும், உருக்கு நட்டுகளின் சேர்க்கையினாலும் எளிதில் அரிக்கப்படுவது. அரிப்புக் குழிகளிலேதான் களைப்பு வெடிப்புத் தொடங்கும். பூசிய வர்ணத்தின் கீழ் அது கண்ணுக்குப் புலப்படாது.

தொழின்முறைக் குழுவினர் ஒரு பருவம் முடிந்ததும் புதுச் சில்லைப் பெறுவர். பழையது பாதி விலைக்கு விற்பனைக்கு வரும். அதனை வாங்கும் அமெச்சூர் தமக்குப் பெருவாய்ப்புக் கிட்டியதெனவே மகிழ்வார். உண்மையில் அவர் வாங்குவது சில்லையன்று. சில்லின் எஞ்சிய ஆயுளையே. அது எவ்வளவென்று விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். இலேசினால் வந்த பயனை முதலாமவர் அனுபவித்தார்; அதன் அபாயமோ இரண்டாமவர் கைக்கு வந்து சேர்ந்தது. இலேசான சில்லின் விலையில் எஞ்சிய பகுதி என்று தொடக்கத்திற் குறிப்பிட்டது இதனையே. வேகமாக வளைவிற் புகும் காரின் முன்சில்லு உடையுமாயின் அவ்விலை பணத்தால் அளக்கப்படுவதன்று.

விதிகள் கண்ட வழி

இந்நிலையை நன்குணர்ந்த அமெச்சூர்ப் போட்டி அமைப்பாளர், ஒருவர் விரும்பியும் பெற முடியாத ஒன்றை எல்லோருக்கும் விலக்கிவிடுதலே நேர்மையென முடிவுசெய்தனர். ஐக்கிய அமெரிக்காவிலே 1963ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்ற ஃபோர்மியூலா வீ என்னும் போட்டிவகை வொக்ஸ்வேகன் காரின் சாதாரண உருக்குச் சில்லையே விதித்தது. இங்கிலாந்திலே 1967ஆம் ஆண்டு பிறாண்ட்ஸ் ஹச் ஓடுபாதையில் தொடங்கிய ஃபோர்மியூலா ஃபோர்ட் போட்டியும் உருக்குச் சில்லையே வேண்டிற்று. அத்தோடு காரின் விலைக்கு 1,000 பவுண் என்னும் எல்லையையும் நோக்காகக் கொண்டது. இவ்வுருக்குச் சில்லில் ஓடிப் பயின்றவர்களுள் எமேர்சன் ஃபிற்றிபால்டி, ஜேம்ஸ் ஹன்ற், ஜோடி செக்ரர் ஆகிய மூவரும் பின்னர் உலகச் சாம்பியன்களாயினர். பாரமான சில்லு திறமையை மறைக்கவில்லை. எல்லோர் சில்லும் ஒத்திருந்தமையால் திறமையே வெளிப்பட்டது.

இவ்வெண்ணம் மறைந்துவிடவில்லை. அமெரிக்க அமெச்சூர்களிடையே புகழ்பெற்ற மஸ்டா மியாற்றா போட்டிவகையின் விதி, சில்லு 13 இறாத்தலுக்குக் குறைதலாகாதென வரையறுத்தது. மிக இலேசானதைத் தேடிப் பணத்தைக் கொட்டும் போட்டியை அது முளையிலேயே தடுத்தது. பெரும்பணம் புரளும் அமெரிக்க நாஸ்கார் முதற்றரப் போட்டியிலேகூட 2021ஆம் ஆண்டு வரை உருக்குச் சில்லே பயன்பட்டது; 2022ஆம் ஆண்டிலேயே அடித்துருவாக்கிய அலுமினியச் சில்லு அதனிடத்தைப் பெற்றது.

தேர்வின் நெறி

இவ்வாறு கூறுவதாற் கலப்புலோகச் சில்லை அமெச்சூர் அறவே ஒதுக்கவேண்டுமென்பது கருத்தன்று. 1960களிலே இங்கிலாந்தில் மினி காரின் போட்டித் தேவைக்கென எட்டு ஆரக்கால்களோடு தோன்றிய மினிலைற் சில்லு முதலில் மக்னீசியத்தில் வார்க்கப்பட்டது. பின்னர் அதே வடிவம் அலுமினியத்திலும் வந்து சாதாரண வாகனங்களிலும் பயின்றது. 1966ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஃபுக்ஸ் கம்பனி போர்ஷே 911எஸ் காருக்கென அலுமினியச் சில்லை வார்க்காது, கம்மியர் இரும்பைக் காய்ச்சி அடிப்பதுபோன்று, பேரழுத்தத்தில் அடித்துருவாக்கிற்று. வார்ப்பிலே காற்றுக் குமிழிகளும் நுண்துளைகளும் தங்க இடமுண்டு. அடித்துருவாக்கிய உலோகத்தில் அவை நசுங்கி மறைவதோடு உலோகத்தின் இழைகளும் சில்லின் வடிவத்தைத் தழுவிச் செல்கின்றன. ஆகவே குறைந்த உலோகத்தைக்கொண்டே மிக்க உறுதி கிடைத்தது. அதன் பின்னர் யப்பானில் ஏற்பட்ட ஜே.டபிள்யூ.எல். நியமம், சில்லைச் சுழற்றி வளைத்தும், பாரமேற்றி உருட்டியும், மோதியும் சோதித்த பின்னரே முத்திரை இடுமாறு விதித்தது. வோலரின் சோதனைச்சாலை ஒரு நூற்றாண்டின் பின்னர் சாதாரண வாடிக்கையாளரின் காவலனாயிற்று எனலாம்.

எனவே இவ்வரலாறு அமெச்சூர்ச் சாரதிக்கு உணர்த்தும் நெறிகள் சில உள. முதலாவதாக, இரு சில்லுகளை நிறுத்துப் பார்ப்பதோடு அமையாது, அவை எத்தகைய பாரத்துக்குச் சோதிக்கப்பட்டன என்பதையும் நோக்கல் வேண்டும். வீதிக்கென மதிப்பிட்ட சில்லு, பந்தய ரயரின் மிகுந்த பற்றுதலால் எழும் பக்கவிசைக்கெனக் கணிக்கப்பட்டதன்று. இரண்டாவதாக, முன்வரலாறு அறியாத பழைய மக்னீசியச் சில்லை, எத்துணை மலிவாயினும், சோதனையின்றிப் பூட்டலாகாது. மூன்றாவதாக, எச்சில்லாயினும் குறித்த கால இடைவெளியிற் கழுவி, வர்ணம் நீக்கி, சாயம் ஊறவிட்டு வெடிப்புக் காணும் முறையாற் பரிசோதித்தல் நன்று. ஒருகாலத்திற் புகையிரதச் சில்லுகளைச் சுத்தியலால் தட்டி ஒலியறிந்த ஊழியரின் விழிப்பு இதற்கு வேண்டும். நான்காவதாக, அடிபட்டால் உடையும் சில்லைவிட வளையும் சில்லே மேலானது. வளைவு எச்சரிக்கை தரும், உடைவு தருவதில்லை. நல்ல உருக்குச் சில்லின் பெருமை இதுவே. வசதியுள்ளவர்க்கு அடித்துருவாக்கிய அலுமினியம் அடுத்த நல்ல தேர்வாகும்.

முடிவுரை

மரத்திலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து வார்ப்புலோகத்துக்கும், அங்கிருந்து அடித்துருவாக்கிய உலோகத்துக்கும் சென்ற இவ்வரலாற்றைப் படிப்படியான முன்னேற்றம் என்று மட்டும் காண்பது குறைப்பார்வையாகும். ஒவ்வொரு படியிலும் புதியது முதலில் வசதியுள்ளவரைச் சென்றடைந்தது. அது தன் இளமையை அவர்களுக்குத் தந்து, முதுமையை மற்றவர்களுக்குத் தந்தது. ஒரு தொழினுட்பத்தை மதிப்பிடும்போது அது முதல் நாளில் எத்துணை விரைவாக ஓடியது என்று மட்டுமன்றி, இறுதி நாளில் அது யார் கையில் இருந்தது என்றும் வினவுதல் வரலாற்று மாணவனின் கடமையாகும். இது சில்லுக்கு மட்டும் பொருந்துவதன்று. நாடுகளுக்கிடையிலே கைமாறும் பழைய பேருந்துகளுக்கும் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும்.

1906ஆம் ஆண்டு லு மானில் ஒன்பது கிலோகிராம் பாரங்கூடிய சில்லே வென்றது. அமெச்சூரின் போட்டி ஒரு நாளோடு முடிவதன்று. அடுத்த வாரமும் அடுத்த ஆண்டும் அவர் ஓடவேண்டும், ஒவ்வொரு முறையும் வீடு திரும்பவும் வேண்டும். அந்நெடும்போட்டியிலே உறுதியும் ஒருவகை வேகமேயாகும்.